கல்லூரி நூலகச் செய்தியும் பாயிர மரபும்

நூல்கள் இருக்கும் இடம் நூலகம் என்பது பொதுவழக்கு. நூலும் கற்போனும் தலைப்படும் இடம் நூலகம் என்பதே அதன் உண்மையிலக்கணம் ஆகும். அத்தலைப்பாடு தானே நிகழ்தல் அரிது. இன்ன நூல் ஈண்டு உளது, அஃது இன்ன பொருளை நுவல்வது, இன்னார்க்கு இன்னவாறு பயன்படுவது என அறிவிப்பார் ஒருவர் இடைநிற்றல் வேண்டும். கல்லூரி நூலகங்கள் இப்பணியைத் தம் அறிவிப்புப் பலகையாலும், அவ்வப்போது வெளியிடும் புதுநூல் வரவுப் பட்டியலாலும் ஆற்றக் கருதுகின்றன. செய்யுளையும் உரையையும் கல்வெட்டையும் ஓலை முறியையும் துருவி ஆராயும் நாம், நாள்தோறும் கடந்து செல்லும் இவ்வெழுத்தினை ஆராய்ச்சிக்கு உரியதாகக் கொள்வதில்லை. மாணாக்கர் ஒருவரின் கல்வி வளர்தலும் தேய்தலும் பலகால் இவ்வெழுத்தினைப் பொறுத்தே அமைதலின், இதனை ஒரு பனுவலாகக் கொண்டு திறனாய்தல் பொருத்தமுடையது என்பது எம் கருத்து.

ஈண்டு யாம் எடுத்துக்கொள்வன பெருநகரப் பல்கலைக்கழக நூலகங்கள் அல்ல. ஒரு நூலகரும் உதவியாளர் ஒருவரோ இருவரோ மட்டும் உள்ள சிறு கலைக்கல்லூரி நூலகங்களே. ஆசிரியப் பணியாலும் தேர்வுப் பணியாலும் யாம் சென்று பழகிய சிலவற்றின் அறிவிப்புகளையும் பட்டியல்களையும் நோக்கியே இக்கட்டுரை எழுதப்பெறுகின்றது. குறை காட்டல் ஒருவரைப் பழித்தற்கு அன்று. ஆகலின் அவற்றின் பெயர்களைச் சுட்டாது விடுகின்றோம்.

அறிவிப்பின் மொழி

முதற்கண் அறிவிப்புப் பலகையின் மொழியை நோக்குவோம். நூலகத்தினுள் பேசுதல் கூடாது. பார்வை நூல்கள் வெளியே வழங்கப்படமாட்டா. கெடுநாள் கடப்பின் தண்டம் வசூலிக்கப்படும். இருப்புச் சரிபார்ப்பினை முன்னிட்டு நூல் வழங்கல் நிறுத்தி வைக்கப்படுகிறது - இவையே பெரும்பான்மையும் காணக்கிடைக்கும் தொடர்கள். இவற்றின் வினைகளைத் தனியே பிரித்து நோக்கின் இரண்டு இயல்புகள் புலனாகும். ஒன்று, அவை எதிர்மறையாகவோ விலக்காகவோ அமைவது. மற்றொன்று, செயப்பாட்டு வினையாக நின்று வினைமுதலை மறைப்பது. வழங்காதவர் யார், வசூலிப்பவர் யார், நிறுத்தி வைப்பவர் யார் என்பது தொடரில் தோன்றுவதில்லை. நூலகர் என்னும் உயர்திணைப் பொருள் எழுவாயாக நிற்கும் வாக்கியம் ஒன்றேனும் பலகையில் காண்டல் அரிது. யாம் தேடித் தருவோம், எம்மை வினவுக, இன்னது இன்ன இடத்தில் உளது எனக் கூறும் தொடர்களும் அரியன.

விதிகள் வேண்டா என்பது எம் கருத்தன்று. பலர்க்கும் பொதுவாகிய நூலைக் காத்தற்கு வரம்பு இன்றியமையாதது. ஆயினும் காத்தல் ஒன்றே செய்தியாகிப் பயன்படுத்துதல் செய்தியாகாது ஒழியின், மாணாக்கன் நூலகத்தைத் தன் உடைமையெனக் கருதாது பிறர் காவலில் உள்ள பொருளெனவே கருதுவான். தம் குடியில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த பிள்ளைகள் நம் சிறு கல்லூரிகளில் பலர். நூலகத்தில் என்ன கேட்கலாம், யாரிடம் கேட்கலாம் என்பதை இல்லத்தார் சொல்லி அவர்கள் அறிந்திலர். அவர்கட்குப் பலகையே முதல் ஆசிரியன். அவ்வாசிரியன் விலக்குகளை மட்டுமே உரைப்பின் அவர்கள் வாயிலோடு திரும்புதல் வியப்பன்று.

பட்டியலும் பாயிரமும்

இனிப் புதுநூல் வரவுப் பட்டியலை நோக்குவோம். வரிசை எண், சேர்க்கை எண், ஆசிரியர் பெயர், நூற்பெயர், பகுப்பெண், விலை என்பன அதன் கட்டங்கள். ஒரு நூலைப் புதிதாக ஒருவர்க்கு அறிமுகஞ் செய்யுங்கால் கூறவேண்டுவன யாவை என்பதனைத் தமிழிலக்கணம் பண்டே வரையறுத்துள்ளது. ஆக்கியோன், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டினைச் சிறப்புப் பாயிரத்தின் உறுப்புகளாக நன்னூலார் கூறினார். காலம், களம், காரணம் என்னும் மூன்றனையும் கூட்டிப் பதினொன்று என்பாரும் உளர் என்றார். எத்துணை விரிந்த நூலாயினும் பாயிரம் இன்றேல் அது பனுவல் ஆகாது என்பது அவர் துணிபு.

இவ்வளவுகோலைப் பட்டியலின்மேல் வைத்துப் பார்ப்பின், பதினொன்றனுள் ஆக்கியோன் பெயரும் நூற்பெயரும் ஆகிய இரண்டே அதன்கண் அமைந்துள்ளமை காணலாம். பகுப்பெண் நுதலிய பொருளைக் குறிப்பதே எனினும், எண்ணின் பொருள் அறியாத மாணாக்கனுக்கு அஃது அடைத்த கதவே. பாயிரத்தில் இல்லாத ஒன்று பட்டியலில் மிகையாக உள்ளது, அது விலை. விலையை அறிய விழைபவர் யார்? கற்பவர் அல்லர், தணிக்கையாளரே. இதனால் போதரும் உண்மை யாதெனின், இப்பட்டியல் சேர்க்கைப் பதிவேட்டினின்று பெயர்த்தெழுதிய படி என்பதே. தணிக்கையின்பொருட்டு எழுந்த ஆவணம் ஒன்று, கேட்போர் மாறியும் தான் மாறாது, மாணாக்கர் முன் தொங்கவிடப்பட்டுள்ளது. கேட்போர் என்னும் உறுப்பினைப் பாயிரத்துள் வைத்த ஆசிரியரின் நுண்மை ஈண்டு நன்கு விளங்கும். யார் பொருட்டு என்பது பிழைத்தவழி எஞ்சியவை நிரம்பியும் பயனில.

ஏனைத் துறைகட்கு நூற்பெயர் ஓரளவேனும் போதுமாகலாம். தமிழ்த்துறைக்கு அது சிறிதும் போதாது. பட்டியலில் 'தொல்காப்பியம்' என்று மட்டும் எழுதப்பட்டிருப்பின் மாணாக்கன் என்ன அறிவான்? மூன்று அதிகாரத்திற்கும் கிடைக்கும் இளம்பூரணமா, சொல்லதிகாரத்திற்குரிய சேனாவரையமா, பொருளதிகாரத்தின் இறுதி நான்கு இயல்கட்குக் கிடைக்கும் பேராசிரியமா, நச்சினார்க்கினியமா என்பதன்றோ அவன் அறியவேண்டுவது? உவமவியலைப் பயில்வான் ஒருவன் நச்சினார்க்கினியத்தை இரவல் பெற்றுச் செல்வானாயின், அவ்வியலுக்கு அவருரை கிடைத்திலாமையின் வெறுங்கையனாய் மீள்வான். குறுந்தொகையைச் சௌரிப்பெருமாள் அரங்கனார் 1915-இல் பதிப்பித்தார், உ. வே. சாமிநாதையர் 1937-இல் தம் உரையுடன் பதிப்பித்தார். இரண்டும் பட்டியலில் ஒரே பெயருடையன. ஆராய்வானுக்கோ அவை இருவேறு கருவிகள்.

பகுப்பெண்ணாலும் இவ்விடர் தீர்வதில்லை. 1876-இல் வெளிவந்த டியூயியின் பதின்மப் பகுப்பு முறையே நம் கல்லூரிகள் பலவற்றில் வழங்குகின்றது. அம்முறையில் தமிழ்மொழி 494.811 என்றும், தமிழிலக்கியம் 894.811 என்றும் எண் பெறும். தொல்காப்பியத்தை இலக்கணமெனக் கொண்டு முன்னதன்கண் வைத்தால், அதன் பொருளதிகாரமும் அகநானூறும் நூலகத்தின் இருவேறு மூலைகளில் நிற்கும். அகத்திணை பயில்வான் ஓரடுக்கின் முன் நின்று, மற்றோரடுக்கில் தனக்கு வேண்டிய இலக்கணம் உளது என்பதனை அறியான். அடுக்குகள் பிரித்தவற்றை அறிவிப்பு இணைத்தல் வேண்டும். பெயரும் எண்ணும் மட்டும் தாங்கிய பட்டியல் அதனைச் செய்யமாட்டாது.

ஒரு சான்று

இக்குறையின் விளைவு எத்தகையது என்பதற்கு யாம் நேரிற் கண்ட ஒன்றனைக் கூறுதும். முதுகலை மாணவி ஒருவர், உரையாசிரியர்கள் குறுந்தொகைப் பாடல்களை எவ்வெவ்விடங்களில் மேற்கோளாக ஆண்டுள்ளனர் என்பதனை ஆய்வேட்டுப் பொருளாக எடுத்துக்கொண்டார். உரைநூல்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, சீட்டெழுதி, அகரவரிசைப்படுத்திக் கல்வியாண்டின் பெரும்பகுதியை அவ்வுழைப்பிலேயே செலவிட்டார். வாய்மொழித் தேர்வின்போது, ஐயர் பதிப்பின் மேற்கோளாட்சிப் பகுதியோடு உம் தொகுப்பினை ஒப்பிட்டீரோ என வினவினோம். அவர் திகைத்தார். ஐயரவர்கள் ஒவ்வொரு பாடலுக்கும் கூற்று, உரை, கருத்து, ஒப்புமைப் பகுதி ஆகியவற்றுடன் மேற்கோளாட்சியும் தொகுத்துத் தந்துள்ளமையை அம்மாணவி அறிந்திலர். தேர்வு முடிந்தபின் நூலகத்துட் சென்று நோக்கினோம். அப்பதிப்பின் மறுஅச்சு அடுக்கில் இருந்தது. இரவற் சீட்டில் நாள்முத்திரை ஒன்றும் இல்லை. பட்டியலில் 'குறுந்தொகை, மூலமும் உரையும்' எனப் பெயரும் விலையும் இருந்தன. பாடநூற் பதிப்புகளுள் ஒன்று போலும் எனத் தாம் கருதிவிட்டதாக அம்மாணவி கூறினார்.

அவர் உழைப்பு முற்றும் வீணாயிற்று எனல் ஆகாது. தேடலால் வரும் பயிற்சி என்றும் பயன் தரும். ஆயினும் ஐயரவர்களின் தொகுப்பினை அடிப்படையாகக் கொண்டு, அம்மேற்கோள்கள் எவ்வெவ்விதிகட்குச் சான்றாயின, உரையாசிரியர் பொருள்கோடலில் எங்கு வேறுபட்டனர் என மேற்சென்று ஆராய வேண்டிய காலம், முன்னரே செய்யப்பட்ட தொகுப்பினை மீளச் செய்தலில் கழிந்தது. இழப்பு அவருக்கு மட்டும் அன்று, தமிழாராய்ச்சிக்கும் ஆம். குற்றம் நூலகத்தின்மேல் மட்டும் சாராது. வழிகாட்டிய ஆசிரியர்க்கும், ஆண்டுதோறும் நூல் வாங்கப் பரிந்துரை எழுதிவிட்டு வந்த நூல்களை மாணாக்கர்க்கு எடுத்துரையாத எம்போல்வார்க்கும் அதில் பங்குண்டு.

குடந்தையில் நிகழ்ந்தது

நூற்பெயர்களின் வரிசை அறிவாகாது என்பதற்குத் தமிழ்ப் பதிப்பு வரலாற்றிலேயே பெருஞ்சான்று உளது. 1880-இல் உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியர் பணியை ஏற்றார். அவ்வாண்டில் அந்நகர்க்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார் அவரைக் கண்டு, என்னென்ன நூல்களைப் பயின்றுள்ளீர் என வினவினார். ஐயர் தாம் கற்ற அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் ஆகியவற்றை வரிசைப்படுத்தினார். நெடிய அவ்வரிசை முதலியாரை அசைக்கவில்லை. சீவக சிந்தாமணியைக் கற்றதுண்டோ என அவர் கேட்டார். பின்னர்த் தம்பாலிருந்த படியினையும் கொடுத்துதவினார். 1887-இல் சிந்தாமணி அச்சில் வெளிவந்தது. அதன் பின்னர்ப் பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் ஒன்றன்பின் ஒன்றாக அவர் பதிப்பில் வெளிவந்தமை யாவரும் அறிந்ததே.

முதலியார் நூலகர் அல்லர். ஆயினும் அன்று அவர் ஆற்றியது நூலகப் பணியே. நூலின் இருப்பினை அறிந்திருந்தார், அதற்கு உரிய கற்போனைக் கண்டார், இருவரையும் இணைத்தார். சிந்தாமணியின் பெயரை மட்டும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருப்பின் இவ்விளைவு நேர்ந்திராது என்பது வெள்ளிடைமலை.

அரங்கநாதனாரும் நன்னூலாரும்

சீர்காழியிற் பிறந்த சீ. இரா. அரங்கநாதனார் சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்காசிரியராய் இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். இலண்டன் சென்று நூலகக் கல்வி பயின்று மீண்டு, கற்போர் தாமே அடுக்குகளிடைச் சென்று நூலைத் தேர்ந்துகொள்ளும் திறந்த அடுக்கு முறையினைப் புகுத்தினார். அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931-இல் நூல்வடிவம் பெற்றன. அவற்றுள் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகனைச் சேர்ப்பித்தல் வேண்டும் என்பது. நான்காவது, வாசகனின் காலத்தைக் காத்தல் வேண்டும் என்பது. யாம் மேற்காட்டிய மாணவி திறத்து இவ்விரண்டும் ஒருங்கே பிழைத்தன.

மூன்றாம் விதியும் பாயிர இலக்கணத்துட் கேட்போர், பயன் என்னும் உறுப்புகளும் ஒரே நோக்குடையன. கற்போன் நூலைத் தேடி வருதலை மட்டும் எதிர்நோக்காது, நூல் தன் கற்போனைத் தேடிச் செல்லுதற்கு அவை வாயில் வகுக்கின்றன. நவீன நூலகவியலைப் பண்டே நாம் அறிந்திருந்தோம் எனப் பெருமை பேசுதற்கு இதனைக் கூறுகின்றோம் அல்லோம். பாயிரம் ஓலைச்சுவடிக் காலத்தில் நூலோடு ஒட்டியே நின்றது. பல்லாயிரம் நூல்களுள் ஒன்றனைத் தெரிந்தெடுக்கும் இடர்ப்பாடு அன்று இத்துணை இல்லை. அரங்கநாதனார் எதிர்கொண்டது அவ்விடர்ப்பாட்டினையே. ஆயினும் அவர் விதியினை நிறைவேற்றுதற்கு உரிய எழுத்து வடிவம் ஒன்று நம் மரபில் ஆயத்தமாய் உளது என்பதும், அதனைக் கையாளாது விட்டோம் என்பதும் சிந்தித்தற்கு உரியன.

ஒரு தடையும் விடையும்

ஒரு நூலகரே உள்ள இடத்தில் வரும் நூல் ஒவ்வொன்றற்கும் பாயிரம் எழுதுவார் யார் எனின், தடை நேரியதே. சேர்க்கைப் பதிவு, இரவல், இருப்புச் சரிபார்ப்பு, தர மதிப்பீட்டுக் குழுவுக்குரிய படிவங்கள் ஆகிய யாவும் ஒருவர் தோள்மேல் ஏற்றப்பட்டிருத்தலை யாம் அறிவோம். இத்தடைக்கும் நன்னூலே விடை தருகின்றது. சிறப்புப் பாயிரத்தை நூலாசிரியன் தானே செய்தல் தகாது. அவனுடைய ஆசிரியன், உடன் கற்றோன், மாணாக்கன், உரைகாரன் ஆகியோர் செய்தற்கு உரியர் என அது கூறும். இவ்வகையினர் யாவரும் ஒருங்கு திரண்டிருக்கும் இடம் கல்லூரியை அன்றி வேறு யாது? நூலகர் நூலைத் தெரிந்து கொடுக்க, ஆசிரியரும் முதுகலை மாணாக்கரும் ஆய்வாளரும் பாயிரம் எழுதலாம். எழுதியவர் பெயர் அதன் கீழ் நிற்கலாம். திங்களுக்கு நூறு நூல்களின் பெயரை ஒட்டுதலினும் ஐந்து நூல்கட்குப் பாயிரம் எழுதி ஒட்டுதல் சிறந்தது.

அஃது எவ்வாறு அமையலாம் என்பதற்கு மேற்கூறிய குறுந்தொகைப் பதிப்பையே கொண்டு ஒரு மாதிரி தருதும்:

"எட்டுத்தொகையுள் ஒன்றாகிய குறுந்தொகை; கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 அகப்பாடல்களை உடையது. பழைய உரை கிடைத்திலாமையின் உ. வே. சாமிநாதையர் தாமே உரையெழுதி 1937-இல் பதிப்பித்தார். பாடல்தோறும் ஒப்புமைப் பகுதியும், உரையாசிரியர் மேற்கோள் காட்டிய இடங்களும் தொகுக்கப்பெற்றுள்ளன. அகத்திணை பயிலும் முதுகலை மாணாக்கர்க்கும், உரைகளை ஆராய்வார்க்கும் இன்றியமையாதது. இலக்கிய அடுக்கில் உளது. இதனோடு இலக்கண அடுக்கிலுள்ள பொருளதிகார உரைகளையும் வைத்துப் பயில்க."

இதன்கண் பொருளும் வழியும் காலமும் காரணமும் கேட்போரும் பயனும் அமைந்துள்ளன. எழுதுதற்கு ஒரு நாழிகையும் வேண்டுவதில்லை. இத்தகைய குறிப்பு ஒன்று பலகையில் இருந்திருப்பின் அம்மாணவியின் ஆண்டு வேறு வகையிற் கழிந்திருக்கும்.

இதனால் எழுதுவோனுக்கும் ஊதியம் உண்டு. ஆசிரியன் உரைத்ததை நன்கு கொள்வோனும் புலமையிற் காற்பகுதியே பெறுவான். உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பகுதி வரும். பிறர்க்கு உரைப்பதனால் எஞ்சிய பாதி நிரம்பும் என்பது நன்னூற் கருத்து. நூலைப் படித்துப் பிறர்க்கு ஐந்து வரியில் அறிமுகஞ் செய்யும் மாணாக்கன் அவ்வெஞ்சிய பாதிக்கு வழி தேடுகின்றான்.

தன்பால் இல்லாத நூலின் செய்தி

சிறு நூலகத்தின் செய்தி தன் சுவரெல்லைக்குள் அடங்கவேண்டுவதில்லை. இன்று தமிழ் நூல்கள் பல இணையத்தில் கிடைக்கின்றன. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய இலக்கியங்களின் மூலங்களைத் தட்டெழுதித் தந்துள்ளது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய அச்சுநூல்களின் படிமங்கள் உள. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 'நூலகம்' என்னும் திட்டம் தொகுத்து வருகின்றது. கோட்டையூர் ரோஜா முத்தையாச் செட்டியாரின் தொகுப்பினை அடிப்படையாகக் கொண்ட ஆராய்ச்சி நூலகம் சென்னையில் இயங்குகின்றது. இன்ஃபிளிப்நெட் நடுவம் நடத்தும் என்-லிஸ்ட் திட்டத்தின் வாயிலாகக் கல்லூரிகட்கு மின்னிதழ்களும் மின்னூல்களும் கிடைக்கின்றன. இவற்றைக் குறித்த அறிவிப்பு யாம் கண்ட பலகைகளில் இருந்ததுண்டு. ஆயினும் முகவரியும் கடவுச்சொல் பெறும் முறையும் தவிர வேறொன்றும் அவற்றில் இல்லை. பட்டியலில் நூற்பெயர் மட்டும் நின்ற குறையே ஈண்டும் வேறுருவில் நிற்கின்றது. எத்துறையார்க்கு எதனுள் என்ன உளது, தட்டெழுதிய மூலத்தை ஆய்வுக்கு ஆளுங்கால் அச்சுப் பதிப்போடு ஒப்பிட வேண்டுவது ஏன் என்பன கூறப்பெறின் அன்றோ அது செய்தியாகும்? நூல் பெருகுந்தோறும் பாயிரத்தின் தேவை பெருகுமேயன்றிக் குறையாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றான், கல்லூரி நூலக அறிவிப்பு காவலின் மொழியில் பேசுகின்றது என்பதும், வரவுப் பட்டியல் கேட்போர் மாறிய ஆவணமாய் நிற்கின்றது என்பதும், இக்குறை தீர்தற்குரிய கருவி பாயிர இலக்கணமாய் நம் கையிலேயே உளது என்பதும் பெறப்பட்டன. தமிழ்த்துறையார் நன்னூற் பாயிரத்தை வகுப்பில் விளக்கித் தேர்வில் வினாவாக அமைக்கின்றனர். மாணாக்கரும் பதினோருறுப்பினையும் பிழையற எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். அவ்விலக்கணத்திற்கு இலக்கியம் காண்டற்குரிய இடம் வகுப்பிற்கு அணித்தே, நூலக வாயிலிலே உளது. அடுத்து வரும் நூற்கட்டினைப் பிரிக்கும்போது தமிழ்த்துறையினின்று ஒருவரேனும் நூலகரின் அருகிருந்து, ஒரு நூலுக்கேனும் பாயிரம் எழுதித் தருவாராயின், அடுக்கில் முத்திரை பெறாது கிடக்கும் நூல்களுள் ஒன்றற்கேனும் அதன் கற்போன் வந்து சேர்வான்.